முப்பதில் வைத்த பொட்டு

மீன்கூடைகளை ஏற்றி முடித்ததும் தம்பி என்னிடம் மணி கேட்டான். நான் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"கடியாரம் கட்டாம வந்திருக்கீயளாண்ணே? அப்ப இன்னைக்கி மழைதான்" என்று சிரித்தான்.

மாசி மாத வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கீழவைப்பார் கோயில் சிலுவையின் நிழல் மணலில் எங்கே விழுந்திருக்கிறது என்று அல்போன்சா எட்டிப் பார்த்தாள். "ஒன்னேமுக்கால் ஆயிருக்கும். அண்ணனும் தம்பியும் மணி பேசிக்கிட்டே நில்லுங்க, எம் மீனு கருவாடாவட்டும்" என்றாள். தம்பி பின்பலகையைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வேகம் காட்டும் மைல் மீட்டரின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் அரைமணி நேரம் உயிரோடு இருந்தான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அம்மாவும் போய்விட்டாள். பதினாறாம் நாள் சாப்பாட்டின்போது சொந்தக்காரர் ஒருவர், சத்தியத்தை மீறிய பிள்ளையால்தான் அவள் இப்படி உருகிப் போனாள் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். நான் கைகழுவ எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட நாலு வரி எழுதுவதும், எழுந்து முற்றத்தில் நடப்பதும், மறுபடி வந்து எழுதுவதுமாகத்தான் எழுதுகிறேன். கையெழுத்து ஒரே சீராக இல்லாவிட்டால் அதுதான் காரணம்.

என் பெயர் தாணுலிங்கம். தம்பி பால்துரை. எங்கள் அப்பா உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து கருப்பட்டி வியாபாரம் செய்தவர். தோணியில் ஏற்றும் சிப்பங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. நான்தான் ஓட்டினேன். நன்றாக ஓட்டுவேன். நாற்பத்திரண்டில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு வளைவில் வண்டி என் கையை மீறிக் கவிழ்ந்தது. பக்கத்தில் அப்பா இருந்தார். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். வளைவுக்கு முன் மீட்டர் நாற்பத்தைந்து காட்டியது. அந்த ரோட்டில் பலரும் அந்த வேகத்தில் போகிறவர்கள்தாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அடித்து அழவும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். பிறகு மெக்கானிக் கிருபாநிதியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எண் தெரியாது. மீட்டரைத் தொட்டு, "இதுல முப்பது எது, காட்டும்" என்று கேட்டாள். அவர் காட்டினார். அந்த இடத்தில் திருச்செந்தூர்ச் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று கிருபாநிதி சொன்னதால், அவரையே கண்ணாடியைக் கழற்றச் செய்து, உள்ளே தகட்டில் முப்பதின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள்.

"ஏலே பால்தொரை, இந்த ஊசி இந்தப் பொட்டத் தாண்டப்பிடாது. செந்தூரான் மேல சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் செய்தான். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. நான் இனி ஓட்டப்போவதில்லை என்று முடிவாகிவிட்டதால் கேட்கத் தேவை இருக்கவில்லை.

நாலு வருஷம் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து போனேன். கொள்முதல், பர்மிட், பெட்ரோல் கூப்பன் எல்லாம் என் பொறுப்பு. தம்பி ஓட்டுவான். ஊசி முப்பதில் வந்து நிற்கும், சுவரில் அடித்த ஆணி மாதிரி. என் காலடிப் பலகையில் வலது கால் படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பலகை வெளுத்துவிட்டது. அதைத் தம்பிதான் ஒருநாள் பார்த்துச் சொன்னான். "அண்ணே, நீங்க அங்கன ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கிட்டு வாரியளோ?" அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேலி வராது.

துறைமுகத்தில் அவனுக்கு முப்பது என்றே பெயர். "முப்பது வாரான், அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம்" என்று சுமைகாரர்கள் சொல்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பெண்கள் வேறு வண்டியில் ஏறமாட்டார்கள். பெண் கொடுக்கவும் அவனைத் தேடித்தான் வந்தார்கள். எனக்குப் பேசிய இடத்தில், அப்பாவைக் கவிழ்த்தவன் என்று பின்வாங்கினார்கள். அவனுக்குக் குலசேகரன்பட்டினத்திலிருந்து செண்பகம் வந்தாள். நல்ல பெண். எனக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

யுத்தத்தின் கடைசியில் தோணி வியாபாரம் படுத்துவிட்டது. கீழவைப்பாரிலிருந்து மீன் ஏற்ற ஆரம்பித்தோம். அல்போன்சா அங்கே மீன் ஏலம் எடுப்பவள். படகுகள் கரை ஏற மத்தியானம் ஆகும். ஐஸ் போட்ட கூடைகளைத் தூத்துக்குடி ஸ்டேஷனில் மூன்று மணிக்குள் ஒப்படைத்தால்தான் அன்றைய ரயிலில் ஏறும். நாங்கள் மூன்று அடித்துப் பத்து நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு. பத்து நிமிஷத்தில் இருபது கூடை மீன் வீணாகும்.

அல்போன்சா தம்பியை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஒங்க தம்பி தங்கமான பிள்ளதான் அண்ணாச்சி. ஆனா மாதா சத்தியமாச் சொல்லுதேன், நான் நடந்து போனா அவருக்கு முன்ன போயிருவேன். மனுவேல் லாரி எடுத்திருக்கான். பங்குனி வரைக்கும் பாப்பேன்."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மைக்கிச் சத்தியம் பண்ணியிருக்கேனேக்கா" என்றான். அதோடு அவனுக்கு விஷயம் முடிந்துவிட்டது. மீன் போனால் எங்களுக்கு வேறு தொழில் இல்லை. அதை யோசிக்க வேண்டியவன் நான்.

இனி சக்கரம். வண்டியில் இருந்தது பதினாறு இஞ்ச் சக்கரம். டயர்கள் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. புது டயருக்கு பர்மிட் கிடைக்கவில்லை. மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அங்கே இருபது இஞ்ச் சக்கரம் நாலு, நல்ல டயரோடு கிடைத்தது. நம் வண்டிக்குப் பொருந்தாது என்றுதான் முதலில் நினைத்தேன். கிருபாநிதி பழைய சக்கரங்களின் நடுத்தகட்டை அறுத்துப் புதியவற்றில் பொருத்தி, மட்கார்டையும் தட்டி அகலப்படுத்தினார். வண்டி மூன்று அங்குலம் உயர்ந்து நின்றது.

வேலை முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணாச்சி, ஒன்னு கேட்டுக்கிடுங்க. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு ஓடுத தூரம் கூடும். மீட்டருக்கு அது தெரியாது. அது முப்பதுங்கும்போது வண்டி முப்பத்தாறுக்கு மேல ஓடும். பிரேக்குப் பிடிப்பும் கொறயும். பெரிய பானைய சின்னக் கையால நிறுத்துத மாதிரி. தம்பிகிட்ட மறக்காமச் சொல்லிருங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

அவர் சொன்ன கணத்திலேயே எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெரிய சிக்கல் தானாகவே அவிழ்ந்தது. ஊசி பொட்டைத் தாண்டாது. அம்மாவின் சொல் நிற்கும். தம்பியின் சத்தியம் நிற்கும். மீன் ரயிலேறும். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரே தேவை, அவனுக்குத் தெரியாமல் இருப்பது. தெரிந்தால் அவன் ஊசியை இருபத்தைந்திலேயே நிறுத்திவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். பிறகு சக்கரம் மாற்றி என்ன பயன்?

ஆனால் நான் யோசிக்காமல் செய்கிறவன் அல்ல. தம்பி செண்பகத்தோடு மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போய் நாலு நாள் இருந்தான். அம்மாவும் கூடப் போயிருந்தாள். அந்த நாட்களில் வண்டியை நானே எடுத்துக்கொண்டு கீழவைப்பார் ரோட்டுக்குப் போனேன். நாலு வருஷத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். 

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழவைப்பாரிலிருந்து வரும்போது உப்பளங்களுக்கு நடுவே நாலு மைல் கோடு போட்ட மாதிரி நேராக வரும். அதன் முடிவில் உப்பளத்துக்குக் கடல்நீர் கொண்டுபோகும் ஓடை குறுக்கிடும். ரோடு ஓடைக்கரையில் முட்டி வலது பக்கம் சட்டென்று மடங்கும். மடங்குவதற்கு, நடந்து எண்ணினால் எண்பது எட்டு முன்னால் ஒரு மைல்கல். தம்பி அந்தக் கல் வந்ததும் காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பான். ஒரு நாளும் கல்லுக்கு முன்னால் வைத்ததில்லை, பின்னால் வைத்ததில்லை. வேகம் படிப்படியாகக் குறைந்து, கரைக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும்போதே வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும். அதாவது அறுபத்தெட்டு எட்டு. பழைய சக்கரத்தில் இதைப் பலமுறை இறங்கி அளந்திருக்கிறேன். பொழுது போகாதவன் எதையாவது எண்ணிக்கொண்டுதானே இருப்பான்.

புதிய சக்கரத்தில், மீன் எடைக்குச் சரியாக உப்பு மூட்டைகளை ஏற்றி, ஊசியைப் பொட்டில் நிறுத்தி, தம்பி மிதிக்கிற அளவிலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். மூன்று நாள், மூன்று தடவை. நடை வேகத்துக்கு வர நூற்றிருபத்தொரு எட்டு ஆனது. அளந்தது அந்தக் கல்லில் அல்ல, அதற்கு இரண்டு மைல் முந்திய கல்லில். ஓடைக்கரைக் கல்லில் அதைச் செய்து பார்க்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தம்பி ஊரிலிருந்து வந்த அன்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என்னண்ணே, ஒசந்து நிக்கி, கல்யாண மாப்பிள கணக்கா?" என்றான்.

"பட்டாளத்து டயரு. அப்படித்தான் இருக்கும்."

"ஃபர்ஸ்ட் கியர்ல இழுக்க மாட்டக்கே."

"புதுசுல்லா. பழகிரும்."

மறுநாள் காலை நான் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பர்மிட்டையும் கூப்பன் புத்தகத்தையும்கூட வீட்டில் விட்டேன். கேட்டால் காட்ட வேண்டிய தாள்கள் அவை, அதுவரை ஒரு நாளும் அவை இல்லாமல் கிளம்பியதில்லை. செண்பகம் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். போகும்போது அந்தத் திருப்பம் ஊர்ப்பக்கத்துக் குண்டும் குழியுமான ரோட்டைத் தாண்டி வருவதால் வண்டி எப்படியும் மெதுவாகத்தான் மடங்கும். அதனால் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நேர் ரோட்டில் ஏறியதும் காற்று வேறு மாதிரி அடித்தது. கீழவைப்பாரில் அல்போன்சா வாயில் கைவைத்தாள்.

"என்ன முப்பது, இன்னைக்கிப் பறந்து வந்தியளா? மனுவேல் இன்னும் வரவே இல்ல."

தம்பி என்னைப் பார்த்தான். "டயரு நல்ல டயருக்கா" என்று அவளிடம் சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாராட்டு அவனுக்குப் புதிதல்ல, ஆனால் வேகத்துக்காக யாரும் அவனைப் பாராட்டியதில்லை. அப்போதும் சொல்லியிருக்கலாம். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஓரளவுக்கு அது உண்மையும்கூட.

திரும்பும்போது நேர் ரோட்டில் பாதி வந்ததும் நான் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். கதவைத் திறந்து ஃபுட்போர்டில் இறங்கி நின்றேன்.

"எதுக்குண்ணே வெளிய நிக்கிய?"

"புழுக்கமா இருக்கு. காத்து வாங்குதேன்."

அவன் சிரித்தான். உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகப் பின்னால் ஓடின. கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் மாறியது. ரோட்டைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், மறுபடி ரோட்டைப் பார்த்தான்.

"அண்ணே, இன்னைக்கி உப்பளம் சீக்கிரம் சீக்கிரமா வருத மாதிரி இருக்கு. ஊசி முப்பதுலதான நிக்கி? எனக்குத்தான் கண்ணு தப்பாத் தெரியுதோ?"

நான் குனிந்து பார்த்தேன். ஊசி பொட்டின் நடுவில் நின்றது.

"முப்பதுலதாம்ல நிக்கி" என்றேன்.

அவன் தோளைத் தளர்த்திக்கொண்டான். அண்ணன் பார்த்துச் சொன்னால் அவனுக்குப் போதும். மைல்கல் வந்தது. அவன் காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தது எனக்குத் தெரிந்தது.

நான் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டதாக ஊரில் சொல்வார்கள். உப்பளத்தில் வேலைசெய்த பெண் ஒருத்தி, சாமி கையைப் பிடித்து வெளியே போட்டது மாதிரி இருந்தது என்று போலீஸிடம் சொன்னாள். அப்படி இல்லை. வேகம் கொஞ்சம் குறையும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பது எட்டு தூரம் போனதும், இடது பக்கம் உப்புச் சேறு மெத்தென்று கிடந்த இடத்தில் குதித்தேன். அந்த இடத்தையும் முந்திய வாரமே பார்த்து வைத்திருந்தேன். முழங்கையில் மட்டும் தோல் உரிந்தது.

வண்டி கரையைத் தாண்டித் தலைகீழாக ஓடையில் விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். உப்பளத்து ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நானும் எழுந்தேன். என்ன காரணமோ, நேரே ஓடாமல் மைல்கல்லுக்குப் போய், அங்கிருந்து கரைவரை நடந்து வந்தேன். எண்பது எட்டு இருந்தது. நான் வந்து சேர்ந்தபோது அவனை வெளியே எடுத்துக் கரையில் கிடத்தியிருந்தார்கள். வாயில் உப்புத் தண்ணீர் வழிந்தது. மீன்கள் ஓடையில் மிதந்தன.

சாவு வீட்டுக்குக் கிருபாநிதி வந்தார். என்னை ஓரமாக அழைத்துப் போய், "சொன்னீயளா அண்ணாச்சி?" என்று கேட்டார். "ரெண்டு தடவ சொன்னேன்" என்றேன். விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவர் எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் சக்கரமும் மீட்டரும் கதையாயின.

செண்பகம் என் முன்னால் வந்து நின்றாள். அதுவரை அவள் என்னிடம் நேருக்கு நேர் பேசியதில்லை.

"அத்தான், நீங்க சொன்னது அவுக காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சி."

"அவுக என்ன சொன்னாவ?"

"சரின்னான்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "தெரிஞ்சிருந்தா அவுக செய்யமாட்டாவ" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. மூன்றாம் மாதம் குலசேகரன்பட்டினத்துக்கே போய்விட்டாள்.

அம்மா அழவில்லை. முற்றத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது அவள் பக்கத்தில் வரவே இல்லை. அடுப்படி வாசலில் நின்று ஒரே தடவை பேசினாள்: "ஊசியப் பொட்டுல நிறுத்தி வச்சிக்கிட்டு செந்தூரானையே ஏமாத்தப் பாத்திருக்கான். எம் பிள்ள இல்ல அவன்." அதன்பிறகு மூன்று வருஷம் அவன் பெயரை எடுக்கவில்லை. திவசத்தன்று கோயிலுக்குப் போய்விடுவாள். சாகும்போதுகூட எடுக்கவில்லை. கடைசி நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், அவளுக்கு மகன் திரும்பக் கிடைத்துவிடுவான். ஆனால் இன்னொரு மகன் போய்விடுவான். அந்த வயதில் அவளுக்கு அந்தக் கஷ்டத்தைக் கொடுக்கக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

எனக்கு அவன்மேல் பகை இருந்ததில்லை. அவனைப் போல ஒரு தம்பி யாருக்கும் வாய்க்காது. பசிக்கும்போது இப்போதும் இரண்டு தட்டு எடுத்துவைக்கிறேன். முற்றத்தில் நடக்கும்போது எண்பதில் கால் தானாக நின்றுவிடுகிறது. ஆனால் நாலு வருஷம் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவன் கையிலும் ஒரு தடவை வண்டி கவிழட்டும், அம்மா அதைப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். கடிகாரத்தைக் கழற்றியபோதும் அவ்வளவுதான் நினைத்தேன். தண்ணீரில் நனைந்தால் அந்தக் கடிகாரம் கெட்டுவிடும்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா சாவியை என்னிடம் கொடுத்தாள். வண்டியைக் கிருபாநிதி சரிசெய்தார். "சின்னச் சக்கரத்தையே எங்கனயாவது தேடி மாட்டிருவோமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வண்டியில் இன்றும் அந்த இருபது இஞ்ச் சக்கரங்கள்தாம். ஓடைக்கரைக் கல்லுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே காலை எடுத்துவிடுவேன். அல்போன்சா மனுவேலிடம் போகவில்லை. ஒரு நாளும் ரயிலைத் தவறவிட்டதில்லை.

எங்கள் வீட்டுச் சத்தியத்தை நான் மீறினேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சிவப்புப் பொட்டு முப்பதிலேயே இருக்கிறது. ஊசி இன்றுவரை அதைத் தாண்டியதில்லை.